காப்டனின் கை முறிந்தது! கரையில் வாதம் மூண்டது!

பந்து பட்டது கௌஹாத்தியில். வலி எடுத்தது பொம்மையார்பாளையத்தில்!

2025-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி இரவு. அசாம் மாநிலம் கௌஹாத்தியில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டம். சென்னை சூப்பர் கிங்ஸ் அணியும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணியும் மோதின. சென்னை அணியின் காப்டன் ருதுராஜ் கெய்க்வாட் மட்டை பிடித்து நின்றார். துஷார் தேஷ்பாண்டே பந்து வீசினார். பந்து எகிறி வந்து காப்டனின் வலது கையைத் தாக்கியது.

இந்தத் தேஷ்பாண்டே யார்? முந்தின ஆண்டு வரை சென்னை அணிக்கே பந்து வீசியவர்! நம் வீட்டில் வளர்ந்த மாடு நம்மையே முட்டிய கதைதான்.

காப்டன் கையை உதறிக்கொண்டார். மறுபடி ஆடினார். 63 ரன் எடுத்தார். ஆனாலும் சென்னை 6 ரன்னில் தோற்றது.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டத்து மீனவர் ஊர். இன்னும் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். இந்தக் கரையில் மஞ்சள் சட்டை இல்லாத வீடு அபூர்வம். சேப்பாக்கத்துக்குப் போய் ஆட்டம் பார்த்தவர்கள் சிலர்தான். 2025-ல் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். போக வர பஸ் செலவு வேறு. ஆகவே டீக்கடை டெலிவிஷனும் கைப்போனுமே இவர்களுக்குச் சேப்பாக்கம்.

வலியோடு இரண்டு ஆட்டம்

காப்டனின் கையை எக்ஸ்-ரே எடுத்தார்கள். எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கை வீங்கியிருந்தது. வலியும் இருந்தது. அந்தக் கையோடு அவர் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடினார். ஏப்ரல் 5-ந் தேதி டெல்லியுடன் ஆடி 5 ரன். 8-ந் தேதி பஞ்சாபுடன் ஆடி 1 ரன். இரண்டிலும் சென்னை தோற்றது.

பிறகு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். அப்போதுதான் உண்மை வெளியாயிற்று. முழங்கையில் எலும்பு முறிவு! ஏப்ரல் 10-ந் தேதி பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் செய்தியை அறிவித்தார். "காப்டன் இனி இந்தத் தொடரில் ஆடமாட்டார். டோனி தலைமை ஏற்பார்" என்றார்.

முறிந்தது எந்த எலும்பு? முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டை விரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. அதன் மேல் நுனி முழங்கை மூட்டில் போய்ச் சேருகிறது. அந்த நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள கழுத்துப் பகுதியில்தான் முறிவு. உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும்போது சுழல்வது இந்த எலும்பே. கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி. கீல் நெளிந்தால் கதவு திறக்குமா? மட்டையைச் சுழற்றுவது எப்படி? மயிர்க்கோடு போன்ற முறிவு எக்ஸ்-ரேயில் சில சமயம் தப்பிவிடும். அதனால்தான் பத்து நாள் போயிற்று.

கரையில் முதல் வாதம் இதைப் பற்றித்தான் எழுந்தது. வலியோடு ஆடியது வீரமா, விவேகக்குறைவா?

"அவன் ஆம்பளைடா! கை உடைஞ்சும் களத்தை விட்டு ஓடலே" என்றது இளைஞர் கூட்டம்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒப்பவில்லை. "கை உடைஞ்சவன் படகிலே ஏறினா, அவனுக்கு மட்டும் கஷ்டமில்லே தம்பி. கூட வர்ற மூணு பேருக்கும் கஷ்டம். அவன் இழுக்க வேண்டிய வலையை யார் இழுப்பது?" என்று கேட்டார்.

இது வெறும் கிரிக்கெட் பேச்சல்ல. இங்கே பிடித்த மீன் ஏலம் போன பிறகு டீசல் செலவு கழியும். படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு. மீதி, கடலுக்குப் போன ஆட்களுக்கு. போகாதவனுக்குப் பங்கு ஏது? ஆகவே விரலில் தூண்டில் முள் ஏறினாலும் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பளத்திலும் அதே கதி. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்தாலும், வெயில் காய்கிற நாளில் வேலையை விட முடியாது. உப்பு வாருகிற கூலி, வந்தவர்களுக்குத்தான்.

"அவருக்கு 18 கோடி ரூபாய் சம்பளம். வீட்டிலே உக்காந்தாலும் அடுப்பு எரியும். நம்ம வீட்டு ஆம்பளை உக்காந்தா எரியுமா?" என்றார் மீன் கூடையை இறக்கி வைத்த அம்மாள் ஒருவர். டீக்கடையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

103 ரன்!

ஏப்ரல் 11-ந் தேதி சேப்பாக்கத்தில் டோனி மறுபடி காப்டனாக இறங்கினார். அப்போது அவருக்கு வயது 43. மைதானம் அதிர்ந்தது. கரையில் வெடி வெடித்தார்கள்.

வெடிச் சத்தம் அடங்குவதற்குள் சென்னை அணி அடங்கிவிட்டது! இருபது ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன். கொல்கத்தா அணி 10.1 ஓவரிலேயே அதை எட்டிவிட்டது. சொந்த மண்ணில் சென்னை எடுத்த மிகக் குறைந்த ரன் அதுதான். தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. அந்த அணியின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

அந்த ஆண்டு சேப்பாக்கம் கோட்டையின் சுவரில் ஓட்டை மேல் ஓட்டை விழுந்தது. பெங்களூர் அணி 2008-க்குப் பிறகு முதல் தடவையாகச் சென்னையை அங்கே ஜெயித்தது. டெல்லி 2010-க்குப் பிறகு சென்னையை அங்கே ஜெயித்தது. ஐதராபாத் சன்ரைசர்ஸ் அணி சென்னையை அங்கே முன்பு ஜெயித்ததே கிடையாது, அதுவும் ஜெயித்தது. பந்து சுழலும் மண் என்று பெயர் பெற்ற ஆடுகளத்தின் போக்கு தங்களுக்கே பிடிபடவில்லை என்று பயிற்சியாளரே ஒப்புக்கொண்டார்.

காற்று திரும்பினால் மீன் இடம் மாறும். பழைய இடத்திலேயே வலையைப் போட்டால் கிடைப்பது தண்ணீர்தான். இதைக் கடற்கரைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போக வேண்டுமா, இருக்க வேண்டுமா?

இனிமேல்தான் பெரிய சண்டை. டோனி விலக வேண்டுமா, நீடிக்க வேண்டுமா?

பொம்மையார்பாளையத்தில் இந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்பதற்கே தைரியம் வேண்டும். சுவரில் அவர் படம். படகில் அவருடைய 7-ம் எண். 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் சென்னை கோப்பை வாங்கியது. ஐந்து தடவையும் காப்டன் அவரே. 2018-ல் வயதானவர்கள் படை என்று ஊர் சிரித்தது. அந்தப் படைதான் கோப்பையோடு வந்தது.

கல்லூரி மாணவன் ஒருவன் துணிந்து சொன்னான்: "பெரியப்பா, 2023-லே அவருக்கு முழங்காலிலே ஆபரேஷன் ஆச்சு. பத்து ஓவர் நின்னு ஆட முடியாதுன்னு பிளெமிங்கே சொல்லிட்டாரு. பெங்களூர் ஆட்டத்திலே ஒன்பதாவது ஆளா வந்தாரே, அது அணிக்கு லாபமா?"

"ஒன்பதாவதா வந்தும் 16 பந்திலே 30 ரன் அடிச்சாரேடா! முன்னாலே வந்தவங்க என்ன கிழிச்சாங்க?" என்று சீறினார் பெரியப்பா.

"அதைத்தான் நானும் கேக்கறேன். முன்னாலே வந்தவங்களை மாத்துங்க!"

இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். ஆனால் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை!

இன்னொரு குறையும் எழுந்தது. "நம்ம பசங்க எல்லாம் அடுத்தவன் வீட்டுக்கு விளக்கேத்தறாங்க" என்றார் டீக்கடைக்காரர். சென்னைப் பையன் சாய் சுதர்சன் குஜராத் அணிக்கு ஆடி, 2025-ல் 759 ரன் குவித்தார். அந்தத் தொடரில் அவரை மிஞ்ச ஆளில்லை. வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவுக்குப் பந்து வீசி, சேப்பாக்கத்திலேயே சென்னை விக்கெட்டுகளைச் சாய்த்தார். டீக்கடைக்காரர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஐ.பி.எல். ஏலத்தில் ஊர்ப்பாசம் செல்லாது. பணம்தான் செல்லும்.

புத்தாண்டு அன்று

ஏப்ரல் 14-ந் தேதி சித்திரைத் திருநாள். அன்று லக்னோவில் சென்னை ஜெயித்தது. டோனி 11 பந்தில் 26 ரன் அடித்துக் கடைசி வரை நின்றார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே! அன்று பெரியப்பாவை யாரும் எதிர்க்கவில்லை.

மறுநாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சிறு படகுகள் மட்டும் கரையோரம் போய்வரும். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தமிழ்நாடு அரசின் நிவாரணம். கையில் வேலை குறைந்தால் வாயில் வேலை கூடும் அல்லவா? வாதம் பகலிலும் தொடர்ந்தது.

அந்நிய தேசத்திலும் இந்தத் தலைவேதனை உண்டு. அமெரிக்காவில் ஆடும் கால்பந்தில் பெரும்பாலும் கையால்தான் பந்தை எறிகிறார்கள். எறிகிறவர் ஒரே ஆள். அணியின் மூளை அவர். நியூயார்க் ஜெட்ஸ் அணி ஆரோன் ராட்ஜர்ஸ் என்ற பெரிய வீரரை ஆவலோடு கொண்டுவந்தது. 2023 செப்டம்பர் 11-ல் முதல் ஆட்டம். நாலாவது தடவை பந்தைக் கையில் வாங்கியபோதே அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. அந்த ஆண்டு முழுவதும் போயிற்று. அந்த ஊர் டீக்கடைகளிலும், அதாவது அங்கே எது டீக்கடையோ அதிலும், இதே சண்டைதான் நடந்திருக்கும்.

17 வயதுப் பையன்

காயம்பட்ட காப்டனுக்குப் பதிலாக யாரை எடுத்தார்கள்? மும்பைக்கு அருகே விரார் என்ற ஊரைச் சேர்ந்த ஆயுஷ் மாத்ரே. வயது 17. சம்பளம் 30 லட்சம். ஏப்ரல் 20-ல் முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32 ரன். சென்னை அணிக்கு ஆடியவர்களில் மிக இளையவர் அவர்தான்.

மே 3-ந் தேதி பெங்களூரில் ஓர் ஆட்டம். ஜெயிக்க 214 ரன் வேண்டும். பையன் 48 பந்தில் 94 ரன் விளாசினான்! ஜடேஜா 77 ரன் எடுத்து நின்றார். கடைசியில் சென்னை 2 ரன்னில் தோற்றது. ஆனால் அன்று கரையில் யாரும் தலையில் கை வைக்கவில்லை. "தோத்தாலும் பையன் கிடைச்சான்" என்றார்கள்.

அதற்கு முன்பே, ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடம் தோற்றபோது, சென்னையின் வாய்ப்பு முடிந்துவிட்டது. பத்து அணிகளில் முதலில் வெளியேறியது சென்னைதான். தென் ஆப்பிரிக்க இளைஞர் டெவால்டு பிரெவிஸ் வந்து சிக்சர் மழை பொழிந்தார். ஆப்கன் பையன் நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். மே 25-ல் குஜராத்தை 83 ரன்னில் தோற்கடித்தார்கள். என்ன பயன்? 14 ஆட்டத்தில் 4 வெற்றி, 10 தோல்வி. பட்டியலில் பத்தாவது இடம். 2008-ல் ஐ.பி.எல். ஆரம்பித்ததிலிருந்து சென்னை கடைசி இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

ஊர்ப் பையன்களுக்கு ஆட இடமும் குறைந்துவிட்டது. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலில் கல் சுவர் கட்டினார்கள். வடக்கே நகர வேண்டிய மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கே உள்ள கரைகளைக் கடல் அரிக்கிறது. வீடுகளும் போயின. ஸ்டம்பு நட்ட மணல் போனது எந்தக் கணக்கிலும் வராது. மிஞ்சின இடத்தில் ஆடுகிறார்கள். கடல் பக்கம் அடித்தால் அவுட்!

ஜடேஜா போனார்

2025 நவம்பரில் அடுத்த இடி விழுந்தது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, கேரளத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கிக்கொண்டது. டிசம்பர் 16-ல் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்கு ஆடியே இராத இரண்டு இளைஞர்களை எடுத்தது. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் ரூபாய்! 2026-க்கும் ருதுராஜே காப்டன் என்று அணி அறிவித்தது.

"பார்த்தீங்களா, நான் சொன்னது நடந்துது" என்று கல்லூரி மாணவன் துள்ளினான்.

பெரியப்பா துள்ளவில்லை. 2023 இறுதி ஆட்டம் அவருக்கு நினைவு வந்தது. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். டோனி அவரைத் தூக்கிக்கொண்டார்.

"அந்த ரெண்டு பந்துக்கு இவங்க ரெண்டு பேரும் ஈடாவாங்களாடா?" என்றார்.

"அது பழைய கணக்கு, பெரியப்பா."

"கணக்கிலே பழசு, புதுசு உண்டா? பழைய பாக்கியை நீ கட்டாம விடுவியா?"

மாணவன் வாயைத் திறந்தான். அதற்குள் டீக்கடைக்காரர் குறுக்கே வந்தார். இரண்டு பேர் பெயரிலும் டீ பாக்கி இருந்தது!