சிப்பச் செலவும் அனுப்பும் கூலியும்: ஒரு தகர டப்பா கற்பிக்கும் கணக்கு

வட கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியில் இனிப்புக் கடை நடத்திய நபீன் சந்திர தாஸ், 1868ஆம் ஆண்டில் ரசகுல்லாவை உருவாக்கினார் என்பது வங்க மக்கள் பெருமையுடன் சொல்லும் வரலாறு. அதன் பிறப்பிடம் குறித்து ஒடிசாவுக்கும் உரிமைக் குரல் உண்டு. வங்க ரசகுல்லா 2017ஆம் ஆண்டிலும் ஒடிசா ரசகுல்லா 2019ஆம் ஆண்டிலும் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றன. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்த வழக்கை அன்று. அந்த இனிப்பு ஊர் விட்டு ஊர் சென்ற கதையை.

பாலைத் திரித்து வடித்த சேனாவை உருட்டிச் சர்க்கரைப் பாகில் வேகவைத்த பண்டம் சில நாட்களுக்கு மேல் தாங்காது. மண்சட்டியில் வைத்து எடுத்துச் சென்றால் பாகு சிந்தும், சட்டியும் உடையும். ஆகவே அதன் சந்தை, கடையிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவுக்குள்ளேயே அடங்கியிருந்தது. நபீன் சந்திரரின் மகன் கிருஷ்ண சந்திர தாஸ், 1930ஆம் ஆண்டில் ரசகுல்லாவைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். கே.சி. தாஸ் என்னும் பெயர் இன்று நாடெங்கும் அறியப்படுவதற்கு அந்த டப்பா ஒரு முக்கியக் காரணம். வெளியூர் உறவினர்களுக்கு ஹவுராவிலிருந்து இரயிலேறும் பயணியின் பையில் இன்றும் அதற்கு ஓர் இடம் உண்டு.

மண்சட்டியை விடத் தகர டப்பாவுக்குச் செலவு அதிகம் என்பதில் ஐயமில்லை. சட்டியின் விலையையும் டப்பாவின் விலையையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் அந்த மாற்றம் நிகழ்ந்தே இராது. கெடாமல், சிந்தாமல், தொலைவில் உள்ள வாடிக்கையாளரின் கையில் சேர்ந்த ஓர் இனிப்புக்கு ஆன செலவு என்ன என்று கணக்கிட்டால்தான் டப்பாவின் மதிப்பு விளங்கும். இன்று சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கும் அதே கணக்குத்தான் தேவைப்படுகிறது.

மொத்த இலாபம் இருக்கிறது; பணம் எங்கே?

வங்கியாளர்களாகிய நாம் சிறுதொழில் கணக்குகளைப் பார்வையிடும்போது அடிக்கடி காணும் நிலை ஒன்று உண்டு. இணையவழி விற்பனை தொடங்கிய பின் கணக்கில் வரவு பெருகுகிறது. ஆனால் மாத இறுதி இருப்பு பெருகுவதில்லை. உரிமையாளரைக் கேட்டால், “ஒரு பொருளுக்கு இருநூறு ரூபாய் நிற்கிறதே!” என்று வியப்புடன் சொல்வார். அவர் சொல்வதும் பொய்யன்று.

வணிகவியல் பயின்றோர் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். மூலப்பொருளைக் கொண்டுவரும் உள்தூக்குக் கூலி வியாபாரக் கணக்கில் இடம்பெறுகிறது. எனவே அது மொத்த இலாபத்தைக் கணிக்கும்போதே கழிக்கப்பட்டுவிடும். விற்ற பொருளை அனுப்பும் வெளித்தூக்குக் கூலியோ அதன் பின்னர் வரும் இலாப நட்டக் கணக்கில் இடம்பெறுகிறது. பொருளின் அடக்க விலையை மனத்தில் வைத்து விலை குறிக்கும் தொழில்முனைவோர், மொத்த இலாபத்தோடு கணக்கை நிறுத்திவிடுகின்றனர். அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், ஒட்டும் டேப், கூரியர் கட்டணம், திரும்பி வந்த பார்சலின் கூலி, உடைந்த பொருளின் மாற்று ஆகியவை சில்லறைச் செலவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே வரியில் கூட்டிப் பார்ப்பார் இல்லை.

நூறு பார்சல்களின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வங்கத்தின் சுடுமண் கலைப்பொருள் ஒன்றைக் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனம். பொருளின் அடக்கம் 300 ரூபாய், சிப்பம் கட்டும் செலவு 25 ரூபாய், கூரியர் கட்டணம் 90 ரூபாய் என்க. நூறு பார்சல்களில் எட்டு உடைகின்றன. ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பொருள் அனுப்ப 415 ரூபாய் வீதம் 3,320 ரூபாய் ஆகிறது. ஆக, நூறு வாடிக்கையாளர்களிடம் பொருளை நல்ல நிலையில் சேர்க்கச் சிப்பத்துக்கு 2,500, கூரியருக்கு 9,000, மாற்றுக்கு 3,320 என மொத்தம் 14,820 ரூபாய் செலவு.

அதே நிறுவனம் மூன்றடுக்கு அட்டைப்பெட்டிக்குப் பதிலாக ஐந்தடுக்குப் பெட்டியும் உள்தடுப்பும் பயன்படுத்துகிறது. சிப்பச் செலவு 40 ரூபாயாக உயர்கிறது. உடைவு இரண்டாகக் குறைகிறது. இப்போது மாற்றுக்கு 430 ரூபாய் வீதம் 860 ரூபாய். மொத்தம் 4,000, 9,000, 860 சேர்ந்து 13,860 ரூபாய். பெட்டிக்கு 1,500 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டும் நிறுவனத்துக்கு 960 ரூபாய் மிச்சம். உடைந்த பொருளைப் பெற்றவரின் மனக்கசப்பு இக்கணக்கில் சேரவில்லை.

விலை உயர்ந்த பெட்டியே எப்போதும் சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முதலில் உடைந்தவை எட்டு அல்ல, மூன்றுதான் என்றால் பழைய முறையின் மொத்தச் செலவு 12,745 ரூபாய். புதிய பெட்டியால் உடைவு ஒன்றாகக் குறைந்தாலும் செலவு 13,430 ரூபாய் ஆகிவிடும். அங்கே பழைய பெட்டியே போதும். எத்தனை உடைகின்றன, எத்தனை திரும்புகின்றன என்னும் எண்ணிக்கை கையில் இருந்தால்தான் இம்முடிவை எடுக்க இயலும்.

காற்றுக்கும் கூலி உண்டு

கூரியர் நிறுவனங்கள் பார்சலை நிறுத்துப் பார்ப்பதோடு அளந்தும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் கிடைப்பது பருமன் எடை. பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் வகு எண் இதுவே. சில நிறுவனங்கள் தரைவழிப் பார்சலுக்கு இதைவிடச் சிறிய எண்ணைக் கொள்வதும் உண்டு. உண்மை எடை, பருமன் எடை இவற்றுள் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

ஒன்றரைக் கிலோ பொருளை 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் வைத்து, மீதியிடத்தைப் பழைய செய்தித்தாளால் நிரப்பி அனுப்புவதாகக் கொள்வோம். பருமன் எடை 4.8 கிலோ. அதே பொருள் 30, 20, 15 சென்டிமீட்டர் பெட்டியில் அடங்குமானால் பருமன் எடை 1.8 கிலோ மட்டுமே. மூன்று கிலோ வேறுபாடும் வெறும் காற்று. கையில் இருந்த பெட்டியில் வைத்துக் கட்டும் வழக்கத்தால் மிகுதியாக இழப்பது இங்கேதான்.

கடந்த மூன்று மாத ஆர்டர்களைப் பார்த்து, மிகுதியாகச் செல்லும் மூன்று அளவுகளைக் கண்டறிந்து, அவற்றுக்கேற்ற மூன்று பெட்டிகளை மட்டும் செய்வித்து வைத்துக்கொள்வது நலம். பெட்டி செய்பவரிடம் உள்ளளவைச் சொல்கிறோமா, வெளியளவைச் சொல்கிறோமா என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். பொருள் அடங்குவது உள்ளளவில். கூரியர் அளப்பது வெளியளவை.

எடையைக் குறைத்த இரு தொழில்கள்

பெட்டியோடு பொருளின் எடையையும் மாற்றியமைத்த தொழிலுக்குக் கொல்கத்தாவிலேயே சான்று உண்டு. குமோர்டுலிக் கைவினைஞர்கள் உள்ளூர்ப் பந்தல்களுக்குக் களிமண்ணால் துர்க்கைச் சிலை வனைகின்றனர். வெளிநாட்டு வங்கச் சங்கங்களுக்குக் கப்பலில் செல்லும் சிலைகளைப் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸில் செய்கின்றனர். எடை குறைவு, வழியில் விரிசல் விடுவதில்லை, ஆண்டுதோறும் மீண்டும் பயன்படும். பூஜைக்குப் பல மாதங்கள் முன்னதாகவே அவை மரச்சட்டமிட்டுக் கப்பலேறுவதால் விமானக் கூலியும் மிச்சமாகிறது.

தேயிலைத் தொழிலும் இதே வழியில் சென்றது. கொல்கத்தாவின் முதல் தேயிலை ஏலம் 1861 டிசம்பர் 27 அன்று நடைபெற்றது. அதன் பின் நெடுங்காலம் தேயிலை பலகைப் பெட்டிகளில்தான் பயணம் செய்தது. இன்று அவற்றின் இடத்தைப் பல அடுக்குக் காகிதச் சாக்குகள் பெருமளவில் பிடித்துவிட்டன. மரத்தின் எடைக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

எந்த வழியில் அனுப்புவது?

எல்லாப் பார்சல்களையும் ஒரே நிறுவனத்திடம் கொடுப்பது எளிது, சிக்கனம் ஆகாது. அவசரமான சிறு பார்சல்களுக்கு விரைவு அஞ்சலும் கூரியரும் ஏற்றவை. 1986ஆம் ஆண்டு முதல் இயங்கும் விரைவு அஞ்சல், தனியார் கூரியர் எட்டாத சிற்றூர்களையும் எட்டுகிறது. ஒரே ஊர்க் கடைக்காரருக்கு மூட்டை மூட்டையாக அனுப்புவோருக்கு பராபஜாரின் லாரி பார்சல் அலுவலகங்களும் இரயில் பார்சலும் சிக்கனமானவை. அவற்றில் சரக்கு பலமுறை ஏற்றி இறக்கப்படும் என்பதால் சிப்பம் உறுதியாக இருத்தல் வேண்டும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொல்கத்தாவின் ஈரக்காற்றில் அட்டைப்பெட்டி வலுவிழக்கும். அம்மாதங்களில் பொருளுக்குப் பாலித்தீன் உறையும், பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கும் பழக்கமும் இன்றியமையாதவை. துர்கா பூஜை நாட்களில் நகரமே விடுமுறையில் இருக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் பெட்டிக்கும் வண்டிக்கும் தட்டுப்பாடு வரும் என்பதால் முன்கூட்டியே இருப்பு வைத்தல் நன்று.

கூலியை யார் தாங்குவது?

‘இலவச டெலிவரி’ என்று அறிவித்தால் விற்பனை கூடும் என்பது உண்மையே. ஆயினும் அந்தக் கூலி யாரோ ஒருவர் பையிலிருந்து சென்றாக வேண்டும். ஒரு பொருளை அனுப்ப 90 ரூபாயும், இரண்டை ஒரே பெட்டியில் அனுப்ப 120 ரூபாயும் ஆகுமானால், பொருளொன்றுக்குக் கூலி 60 ரூபாயாகக் குறைகிறது. ஆகவே குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்குவோருக்கு மட்டும் இலவசம் என வரையறுப்பது இருதரப்புக்கும் பயன் தரும்.

பில்லில் சிப்பச் செலவையும் அனுப்பும் கூலியையும் தனியே காட்டி வசூலித்தாலும், அவை பொருளின் மதிப்போடு சேர்ந்தே ஜி.எஸ்.டி.க்கு உட்படும். அட்டைப்பெட்டிகளின் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய விலைப்பட்டியலிலேயே பெட்டி வாங்கி வருவோர் விலையை மறுபடியும் கேட்டறிதல் வேண்டும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் பொதுவாக இ-வே பில் கட்டாயம் என்பதையும் மறத்தலாகாது.

மொத்தமாக வாங்கினால் மிச்சமா?

மாதம் 1,000 பெட்டிகள் தேவைப்படும் ஒருவர், பெட்டி 20 ரூபாய் வீதம் மாதந்தோறும் வாங்குகிறார். ஆறு மாதத்துக்கு 6,000 பெட்டிகளை ஒரே முறையில் எடுத்தால் 18 ரூபாய் என்கிறார் விற்பனையாளர். தள்ளுபடி 12,000 ரூபாய். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ரொக்கக் கடன் வசதியைப் பயன்படுத்துவதாகக் கொண்டால், மாதந்தோறும் வாங்குவதை விடக் கூடுதலாகும் வட்டி சுமார் 2,600 ரூபாய். உலர்ந்த இடம் இருக்குமானால் வாங்கலாம். தள்ளுபடி பெட்டிக்கு 40 பைசா மட்டுமே என்றால் மிச்சம் 2,400 ரூபாய்; கூடுதல் வட்டியோ சுமார் 2,900 ரூபாய். அந்தத் தள்ளுபடியை நாடுவதில் பயனில்லை.

பொருளைப் பெற்றபின் பணம் தரும் முறையில் விற்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூரியர் நிறுவனம் வசூலித்த தொகை நம் கணக்குக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும். அதுவரை பொருளின் அடக்கமும் சிப்பச் செலவும் கூலியும் நம் நடைமுறை மூலதனத்திலேயே முடங்கியிருக்கும். வாங்க மறுத்துத் திருப்பப்படும் பார்சலுக்கு இருவழிக் கூலியும் நம்முடையதே. முன்பணமாக யு.பி.ஐ. மூலம் செலுத்துவோருக்குச் சிறு சலுகை அளிப்பது, பல வேளைகளில் இந்த இழப்பை விட மலிவானதாகவே அமையும்.

இன்று தொடங்கக்கூடிய ஒரு பதிவேடு

இதற்கெனத் தனி மென்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பார்சலுக்கு ஒரு வரி போதும்: தேதி, ஊர், பெட்டி அளவு, உண்மை எடை, கட்டணம் விதிக்கப்பட்ட எடை, சிப்பச் செலவு, கூலி, நிலை. ‘நிலை’ என்னும் கட்டத்தில் சேர்ந்தது, உடைந்தது, திரும்பியது ஆகியவற்றுள் ஒன்றை எழுதுக. மாத இறுதியில் மொத்தச் செலவைக் கூட்டி, நல்ல நிலையில் சேர்ந்த பார்சல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் தொகையே உண்மையான அனுப்பும் செலவு. விலை குறிக்கும்போது கழிக்க வேண்டியது அத்தொகையே. உண்மை எடைக்கும் கட்டணம் விதிக்கப்பட்ட எடைக்கும் இடைவெளி மிகுந்த வரிகளைச் சிவப்பு மையால் குறித்தால், எந்தப் பெட்டியை மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும் அதனுடன் உங்கள் கிளைக்கு வாருங்கள். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் வரையிலும், தருண் பிரிவில் 10 இலட்சம் வரையிலும் கடன் பெற வழியுண்டு. தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியோருக்கு 20 இலட்சம் வரை வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது. நடைமுறை மூலதனம் எவ்வளவு தேவை என்று நாம் கேட்கும்போது தோராயமான ஒரு தொகையைச் சொல்வதற்கும், பதிவேட்டைப் புரட்டி இன்ன தொகை என்று சுட்டிக்காட்டுவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பின்னதில் கடன் வரம்பு தேவைக்குக் குறையாமலும் வட்டிச் சுமை மிகாமலும் அமையும்.