தூரமும் நேரமும் – 9: ஆத்தூர் முதல் சிங்கப்பூர் வரை

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளையை வழியனுப்பும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, "எவ்வளவு நேரத்துல போய்ச் சேருவ?" என்பது. டிக்கெட்டைப் பார்த்துப் பதில் சொன்னால் கணக்கு இடிக்கும்.

திருச்சியில் நள்ளிரவு 1 மணிக்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் காலை 8 மணிக்கு வருகை என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 7 மணி நேரம். ஆனால், டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதையும் கழித்தால், பயணம் நாலரை மணி நேரம்தான். திரும்பும்போது இரவு 8க்கு ஏறி 10க்கு இறங்குவதாகத் தெரியும். அங்கே இரண்டரையைக் கூட்ட வேண்டும்.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 3,000 கி.மீ. சென்னையிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விமானம் நாகைக் கடற்கரையைத் தாண்டி, வங்கக் கடலைக் கடந்து, சுமத்ராவின் வடமுனைப் பக்கமாக மலாக்கா நீரிணையை நோக்கிப் போகும். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், இறங்க முறை வருவதற்குக் காத்திருப்பதும் மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று அதற்குப் பெயர். இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் அதை விளக்கி எழுதினார். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், விசை கீழே வரை எட்டும். அந்த மாதங்களில் ஊர் திரும்புகிறவரை அது முதுகில் தள்ளிவிடும், போகிறவருக்கு எதிர்க்காற்று.

ஆனால், சேலம் மாவட்டத்து ஆத்தூர்க்காரரின் பயணம் ஆத்தூர் பேருந்து நிலையத்தில் தொடங்குகிறது. திருச்சிக்குச் சுமார் 120 கி.மீ.; பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். சென்னை வழி என்றால் உளுந்தூர்பேட்டை சுற்றி 280 கி.மீ. சேலம் விமான நிலையம் கமலாபுரத்தில் இருக்கிறது. 2018இல் அங்கிருந்து சென்னைக்குத் தொடங்கிய சேவை இடையில் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. அதன் ஓடுபாதை சிறிய விமானங்களுக்கே ஏற்றது.

எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பேருந்துக்கு மூன்றரை, விமான நிலையத்தில் மூன்று, விமானத்துக்கு நாலரை, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடிநுழைவும் பெட்டியும் முடிய ஒன்று. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். 3,000 கி.மீ. வானத்துக்கு நாலரை, 120 கி.மீ. சாலைக்கு மூன்றரை!

விமானத்தின் வேகத்தை நம்மால் கூட்ட முடியாது. தரையில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. திருச்சியில் 2024 ஜனவரியில் புதிய முனையம் திறந்தார்கள். அதன் வாசல் வரை, விமான நேரங்களோடு பொருந்தும்படி, ஆத்தூர், பெரம்பலூர் போன்ற ஊர்களிலிருந்து இரவுப் பேருந்துகள் ஓட வேண்டும். வாடகைக் காருக்குக் கடன் வாங்கிப் போகும் முதல்முறைப் பயணிக்கு, விமானக் கட்டணக் குறைப்பைவிட அதுதான் பெரிய உதவி.

அடுத்த வாரம்: நாகப்பட்டினத்திலிருந்து இதே கடலை நாள்கணக்கில் கடந்த ‘ரஜூலா’ கப்பல்.

(தொடரும்)