துப்பாக்கிக் குழல் வெடிப்பது ஏன்?

12 போர் (bore) துப்பாக்கி வெடித்துச் சிதறினால், குழல் எந்த இடத்தில் பிளந்திருக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடலாம். தோட்டா அமரும் பின்பகுதி பிளந்திருந்தால், அழுத்தம் அளவுமீறிப் போயிருக்க வேண்டும் அல்லது அங்கே எஃகு நலிந்திருக்க வேண்டும். நடுவிலோ முனையை ஒட்டியோ பிளந்திருந்தால், சுட்ட நேரத்தில் குழலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது என்று பொருள். இரண்டாவது வகைதான் ஆளை ஏமாற்றுவது. துப்பாக்கி நன்றாக இருக்கும், தோட்டாவும் நன்றாக இருக்கும். குழல் மட்டும் வாழைத்தோல் உரித்ததுபோல் விரிந்து கிடக்கும்.

வடசென்னையின் மணலி புதுநகர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் இந்தத் துப்பாக்கியைப் பொதுமக்கள் பார்ப்பது வங்கி வாசலிலும் பணம் கொண்டுசெல்லும் வேனின் பக்கத்திலும்தான். காவலாளியின் தோளில் தொங்கும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் துப்பாக்கி பல ஆண்டுகள் ஒரு முறைகூடச் சுடாமலே காலம் தள்ளுவதுண்டு. சுடாத துப்பாக்கிக்கு ஆபத்து இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை.

ஐரோப்பிய அளவுகோலின்படி வழக்கமான 12 போர் தோட்டா எழுப்பக்கூடிய உச்ச அழுத்தம் 740 பார். வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரைச் சோதிக்கும் அழுத்தத்தைப்போல் இது ஏறக்குறைய 30 மடங்கு. ஆனால் இந்த அழுத்தம் தோட்டா அமர்ந்த இடத்திலும் அதை அடுத்த சில அங்குலத்திலும்தான் உச்சத்தில் இருக்கும். ரவைகள் முன்னால் ஓட ஓட வாயுவுக்கு இடம் கிடைத்து அழுத்தம் வேகமாகச் சரியும். அதனால்தான் குழலின் பின்பகுதியைத் தடிமனாகவும் முன்பகுதியை மெல்லியதாகவும் செய்கிறார்கள். முனையை நெருங்கும்போது சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். தோளில் வைத்துத் தூக்கக்கூடிய எடை அப்படித்தான் கிடைக்கிறது.

அந்த மெல்லிய பகுதியில் ஏதாவது அடைத்துக்கொண்டால் கணக்கு குலைந்துபோகும். சுமார் 30 கிராம் ரவை, நொடிக்கு 300 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து, அசையாமல் கிடக்கும் ஒரு தடையில் மோதுகிறது. ஓட்டம் ஒரு கணம் தடைப்படுகிறது. பின்னால் வரும் வாயு அங்கேயே குவிகிறது. அழுத்தம் அந்த ஓரிடத்தில் மட்டும் எகிறி, குழல் வளையம்போல் புடைக்கும் அல்லது பிளக்கும். அடைப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. துடைத்தபோது உள்ளே விட்டுப்போன துணி, கீழே ஊன்றியபோது ஏறிய சேறு, மூலையில் சாய்த்து வைத்திருந்த காலத்தில் குளவி கட்டிய மண்கூடு, இவற்றில் ஒன்று போதும்.

இன்னொரு அடைப்பு தோட்டாவாலேயே வருகிறது. 20 போர் தோட்டா 12 போரைவிடச் சிறியது. தவறுதலாக அதைப் போட்டால் தோட்டா அமரும் அறையைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். சுடுபவர் விசையை இழுக்கிறார், சத்தமில்லை. தோட்டா போடவே மறந்துவிட்டோம் என்று எண்ணி, பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு மறுபடி சுடுகிறார். முன்னால் கிடக்கும் தோட்டாவும் சேர்ந்து வெடிக்கலாம். அது சிக்கியிருக்கும் இடமோ, துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் கை இருக்கும் இடம். விரல்கள் போவது இப்படித்தான். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிற உறை போடும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஏற்பட்டது.

கடலோரத்துக்கு வந்தால் ஈரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தோல் வாரில் ஆண்டுக்கணக்காகச் செருகிவைத்த தோட்டாக்களின் பித்தளைப் பகுதியில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே மருந்து நமுத்துப்போயிருந்தால் தோட்டா முழுதாக எரியாது. ‘டமார்’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் தக்கை குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த தோட்டா அந்தத் தக்கையில் போய் மோதும். சத்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மேலே எதுவும் செய்ய வேண்டும். துப்பாக்கி பிடிப்பவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

துரு மெதுவாக வேலை செய்யும். எண்ணூர்க் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் வெளிவிடும் கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. இரண்டும் எஃகைக் குழிகுழியாக அரிக்கும். மேலே எண்ணெய் போட்டுத் துடைத்த இரட்டைக்குழல் பளபளவென்று இருக்கும். இரு குழல்களையும் இணைக்கும் பட்டைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அரிப்பு நடந்துகொண்டிருக்கும். இரும்பையும் எஃகையும் முறுக்கிக் காய்ச்சி அடித்துச் செய்த டமாஸ்கஸ் குழல்களில் இது இன்னும் மோசம். பரம்பரைச் சொத்தாகச் சில வீடுகளில் இருக்கும் இவற்றின் வரிவரியான அழகு, பட்டைகளை ஒட்டிய இணைப்புகளின் வரிசைதான். இவற்றில் பெரும்பாலானவை கருமருந்துக் காலத்தவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அவற்றில் போடுவது உயிரோடு விளையாடுவது.

அளவுமீறிய அழுத்தத்துக்கு முதல் காரணம் கைப்பட அடைத்த தோட்டா: மருந்து கூடுதலாகவோ, வேறு வகையாகவோ இருந்துவிடும். 65 மில்லிமீட்டர் அறையுள்ள பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடுவதும் ஆபத்து. அது உள்ளே சரியாகவே அமரும். சுடும்போதுதான் அதன் முன்வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் வழி நெருக்கும்.

தமிழகத்தின் மலைப்பகுதிகளில் பிடிபடும் கள்ள நாட்டுத் துப்பாக்கிகளின் கதை தனி. அவற்றில் பல சாதாரண இரும்புப் பைப்பால் ஆனவை. தண்ணீர்க் குழாய்க்கான பைப், தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்தது. வெடிமருந்தின் அடியைத் தாங்க அந்தப் பற்றவைப்பு செய்யப்படவில்லை. மருந்தின் அளவும் கைக்கணக்கு. அது எந்தச் சுடுதலில் பிளக்கும் என்று செய்தவராலும் சொல்ல முடியாது.

முறையான துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியே வருமுன் வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுச் சோதிக்கப்படுகிறது. 740 பார் தோட்டாவுக்கான துப்பாக்கியை ஐரோப்பிய முறையில் 930 பாரில் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் இதற்கென்றே அமைப்புகள் உண்டு. மணலி ஆலைகளில் பாய்லரையும் குழாய்களையும் தண்ணீர் நிரப்பி ‘ஹைட்ரோ டெஸ்ட்’ செய்வதும் இதே தத்துவம்தான். ஆனால் பாய்லருக்கு ஆய்வு மறுபடி மறுபடி வரும். துப்பாக்கியின் முத்திரை அது குத்தப்பட்ட நாளுக்கு மட்டுமே சாட்சி. அதன்பின் குழலைத் தேய்த்துக் கடைந்தாலோ அறையை நீட்டினாலோ அந்தச் சாட்சி செல்லாது.

இந்தியாவில் 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு துப்பாக்கி உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்ப்பதோடு, குழலின் உட்புறத்தையும் விவரம் தெரிந்த ஆயுதப் பணியாளர் ஒருவர் பார்ப்பது அவசியம். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். குழலைக் கழற்றி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் புடைப்பு இருக்கும் இடத்தில் வளையமாக ஒரு நிழல் விழும். துருக்குழிகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். பின்வாய் ஆட்டம் காண்கிறதா என்பதை மூடி அசைத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். புடைத்த குழலைத் தட்டிச் சமன் செய்து மறுபடி பயன்படுத்துவது கூடாது. எஃகு அந்த இடத்தில் ஒரு முறை இழுபட்டு நலிந்துவிட்டது.