இரண்டாவது 50 வெள்ளி

நன்கொடை கேட்டு வரும் கடிதத்துக்குப் பின்னால் எவ்வளவு அறிவியல் இருக்கிறது தெரியுமா?

சென்ற டிசம்பரில் ஒரு மருத்துவ அறநிறுவனத்துக்கு நீங்கள் 50 வெள்ளி கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டும் கொடுப்பீர்களா?

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஒருவர் அந்த நிறுவனத்தில் இருக்கிறார். அவர் மருத்துவர் அல்லர், தாதியும் அல்லர். ஆண்டு நன்கொடை திரட்டும் அதிகாரி. செல்வந்தர்களைச் சந்தித்துப் பெருந்தொகை கேட்பதைப் பெரும்பாலும் வேறொருவர் கவனித்துக்கொள்வார். இவருடைய பொறுப்பு, உங்களையும் என்னையும் போன்ற ஆயிரக்கணக்கானோரிடமிருந்து 20, 50, 100 வெள்ளியாகத் திரட்டுவது. அதைவிட முக்கியமாக, ஒருமுறை கொடுத்தவர் மறுபடியும் கொடுக்கும்படி பார்த்துக்கொள்வது.

ஏன் ஆண்டுதோறும் கேட்க வேண்டும்? சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குப் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு நடக்க வேண்டும். ஆண்டுக்கு 156 முறை. சென்ற ஆண்டின் நன்கொடை சென்ற ஆண்டின் சிகிச்சையோடு முடிந்துவிட்டது. கட்டடம் எழுப்ப ஒரு பெருந்தொகை ஒருமுறை கிடைத்தால் போதும். தாதியின் சம்பளத்துக்கும் இயந்திரத்தின் வடிகட்டிக்கும் மாதம் தவறாமல் பணம் வர வேண்டும்.

பத்துக் காசில் பிறந்த தடுப்பூசி

சிறுதொகை மருத்துவத்தில் என்ன செய்யும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு. போலியோவால் கால்கள் செயலிழந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938ஆம் ஆண்டில் அந்நோய்க்கான தேசிய அறநிறுவனத்தைத் தொடங்கினார். ஆளுக்கொரு 'டைம்', அதாவது பத்துக் காசு நாணயத்தை வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள் என்று வானொலி நகைச்சுவைக் கலைஞர் எடி கேன்டர் நேயர்களைக் கேட்டுக்கொண்டார். அஞ்சல் மூட்டைகளில் வந்து குவிந்தவை ஏறத்தாழ 2.68 மில்லியன் நாணயங்கள்.

அந்த இயக்கம் ஒருமுறையோடு நிற்கவில்லை. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்ற பெயரில் ஆண்டுதோறும் தொடர்ந்தது. அந்தப் பணம்தான் ஜோனஸ் சால்க்கின் ஆய்வுக்கும், 1954இல் ஏறத்தாழ 1.8 மில்லியன் பிள்ளைகள் பங்கேற்ற தடுப்பூசிச் சோதனைக்கும் கைகொடுத்தது. 1955 ஏப்ரல் 12ஆம் தேதி தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தரக்கூடியது என்று அறிவிக்கப்பட்டது. இடையில் ஓடியவை 17 ஆண்டுகள். இத்தனை காலம் ஆய்வைத் தாங்கியது, ஆண்டுக்காண்டு திரும்பி வந்த சில்லறைக் காசு.

மேசைமேல் ஒரு பட்டியல்

இன்று அந்த அதிகாரியின் மேசையில் நாணய மூட்டை இல்லை. கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. கடைசியாக எப்போது கொடுத்தீர்கள், எத்தனை முறை கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற மூன்றையும் வைத்து அவர் பெயர்களைப் பிரிக்கிறார். சென்ற மாதம் கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம். மூன்று ஆண்டுகளாகக் கொடுப்பவருக்கு, வங்கியிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும் ஜைரோ முறைக்கு மாற அழைப்பு. இரண்டு ஆண்டுகளாகப் பேச்சில்லாமல் போனவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு.

புதியவர் ஒருவரைத் தேடிப் பிடிக்கும் செலவு, அவர் தரும் முதல் நன்கொடையையே விழுங்கிவிடுவதுண்டு. அச்சு, அஞ்சல், ஆள்செலவு எல்லாம் சேரும். ஆகவே நோயாளிக்கு உண்மையில் உதவத் தொடங்குவது பல நேரங்களில் உங்களுடைய இரண்டாவது, மூன்றாவது 50 வெள்ளிதான்.

ஒரு சிறுமியும் மில்லியன் பேரும்

உங்களுக்கு வரும் கடிதத்தைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே ஒருவரின் கதையோடு தொடங்கும். 2007இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. பங்கேற்றவர்களுக்கு முதலில் 5 டாலர் கொடுத்தார்கள். பிறகு, ஆப்பிரிக்காவின் பசிக்கு அதிலிருந்து நன்கொடை தரலாம் என்றார்கள். மில்லியன் கணக்கானோர் வாடுவதைப் புள்ளிவிவரமாகப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களோ 1.43 டாலர்தான் கொடுத்தார்கள். எண்ணிக்கை கூடும்போது இரக்கம் கூடவில்லை. ஒரு முகத்துக்குப் பக்கத்தில் புள்ளிவிவரம் வந்து உட்கார்ந்ததும் அது குறைந்தும் போனது.

'நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இன்னொரு கொடையாளர் ஒரு வெள்ளி சேர்ப்பார்' என்ற வரியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொருளியல் அறிஞர்கள் டீன் கார்லனும் ஜான் லிஸ்ட்டும் 50,000க்கும் மேற்பட்ட முந்தைய கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி இதைச் சோதித்தார்கள். அந்த வரி இருந்தபோது கடிதத்துக்கு வந்த தொகை சராசரியாக 19 விழுக்காடு உயர்ந்தது. ஒன்றுக்கு மூன்று சேர்ப்பதாகச் சொன்னாலும், ஒன்றுக்கு ஒன்று என்பதைவிடப் பெரிய மாற்றம் இல்லை.

நிர்வாகச் செலவு என்றாலே நமக்கு முகம் சுளிக்கிறது. 2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வுக்காக 40,000 பேருக்குக் கடிதம் போனது. நிர்வாகச் செலவை வேறொரு கொடையாளர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் முழுவதும் திட்டத்துக்கே போகும் என்று சொன்னபோது, வழக்கமான கடிதத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பணம் வந்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கடிதத்தை எழுதியவரின் சம்பளமும் நிர்வாகச் செலவுதான்.

விருப்பமா, வெட்கமா?

நாம் கொடுப்பதெல்லாம் மனமுவந்து கொடுப்பதா? சிகாகோ அருகே ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கும் மற்றோர் அமைப்புக்கும் வீடுவீடாகச் சென்று நன்கொடை கேட்ட ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. சில வீடுகளுக்கு முன்கூட்டியே துண்டறிக்கை வைத்து, நாளை எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் கதவைத் திறந்தவர்கள் குறைந்தார்கள். 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று குறியிட ஒரு கட்டமும் கொடுத்தபோது கொடுத்தவர்களின் விகிதம் 28 முதல் 42 விழுக்காடு வரை சரிந்தது. சரிந்தவற்றில் பெரும்பகுதி சிறு தொகைகள். எதிரில் நிற்பவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தயங்கியே பலர் கொடுத்திருக்கிறார்கள்.

அழுத்தினால் பணம் வரும் என்பது உண்மை. ஆனால் அப்படிக் கொடுத்தவர் அடுத்த முறை கதவைத் திறப்பாரா?

பிளவுபட்ட உதட்டுடன் பிறக்கும் பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய உதவும் 'ஸ்மைல் டிரெய்ன்' அமைப்பு இதற்கு நேர்மாறான வழியைச் சோதித்தது. 'இப்போது ஒருமுறை கொடுங்கள், இனிக் கேட்கவே மாட்டோம்' என்று கடிதம் அனுப்பியது. புதியவர்களில் பதில் கொடுத்தோர் ஏறக்குறைய இரு மடங்கானார்கள். இனிக் கடிதமே வேண்டாம் என்று குறியிட்டவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்கள் தாமாகவே தொடர்பில் இருந்தார்கள். வெளியேறும் வழியைத் திறந்து வைத்தபோதும் பெரும்பாலோர் வெளியேறவில்லை.

2005இல் சிங்கப்பூர் கற்றது

இந்த உத்திகள் எல்லாம் ஓர் எல்லைவரைதான் என்பதை நம் ஊரே நேரில் பார்த்திருக்கிறது. தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். 2005 ஜூலையில் நீதிமன்றத்தில் வெளிவந்த தகவல்கள் நாட்டை உலுக்கின. தங்க முலாம் பூசிய குழாய், தலைமை நிர்வாகியின் மாதச் சம்பளம் 25,000 வெள்ளி, 262 மில்லியன் வெள்ளி இருப்பு. சில நாள்களிலேயே அவரும் நிர்வாகக் குழுவும் விலகினார்கள். கொடையாளர்கள் பலர் மாதாந்தர நன்கொடையை ரத்து செய்தார்கள்.

அந்த வாரமும் நோயாளிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு மூன்று முறை தேவைப்பட்டது. தவறு செய்தவர்கள் வேறு, நாற்காலியில் சாய்ந்து ஊசிக்குக் கை நீட்டியவர்கள் வேறு. புதிய குழு பொறுப்பேற்று, நம்பிக்கையை மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது. அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை 2007இல் வந்தது. நன்கொடைக்கு வரிக்கழிவு தரத் தகுதிபெற்ற அறநிறுவனங்கள், நிதி திரட்டும் செலவைத் திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இங்கு நடப்பில் உள்ளது.

ரோக்கியாவின் கதை உங்கள் பணப்பையை ஒருமுறை திறக்கும். அடுத்த ஆண்டும் அது திறக்க வேண்டுமானால், முதல் தொகை என்ன ஆனது என்று யாராவது உங்களுக்கு நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல அதிகாரி தன் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிடுகிறார்.

அடுத்த கடிதம் வரும்போது

ஆண்டு இறுதியில் கடிதங்கள் குவிவதற்கு வரியும் ஒரு காரணம். தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை கொடுக்கும் தொகையைப் போல 250 விழுக்காடு உங்கள் வருமானக் கணக்கில் கழிக்கப்படும். அவசரப்படாமல் சில கேள்விகள் கேளுங்கள்.

* சென்ற ஆண்டு வந்த பணத்தில் எத்தனை பேருக்கு, என்ன சிகிச்சை நடந்தது?

* கையிருப்பு எத்தனை ஆண்டுச் செலவுக்குப் போதும்?

* கடிதத்தில் படம் வந்துள்ள நோயாளி அதற்குச் சம்மதம் தந்தாரா?

* நிர்வாகச் செலவு எதற்குப் போகிறது? செலவு குறைவு என்பது மட்டுமே நல்ல நிறுவனத்துக்கு அடையாளம் ஆகாது. கணக்குப் பார்க்க ஆளில்லாத இடத்தில்தான் பணம் காணாமல் போகும்.

கொடுக்க விருப்பமில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் பெயரைத் தொடர்புப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், முன்பு தந்த ஒப்புதலை மீட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

கொடுப்பதாக முடிவெடுத்தால், ஒரேயடியாக 120 வெள்ளி கொடுப்பதற்குப் பதில் மாதம் 10 வெள்ளி கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். தொகை ஒன்றுதான். ஆனால் வரும் மார்ச்சில் எத்தனை நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்று அந்த நிறுவனம் இப்போதே கணக்கிட்டுவிடலாம்.