சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி அளவு எடுப்போமா?



குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் நமக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் வாசலில் நனைகிற சைக்கிளுக்குக் கஷ்ட காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஈரம் காயாது. ரிம் துருவேறும், கம்பி ஒவ்வொன்றாக அறுந்து தொங்கும்.

எங்கள் குழுவில் ஒரு சகோதரி மகளின் சைக்கிளுக்குப் புது ரிம் வாங்கினார். கம்பி மட்டும் பழைய கம்பியைக் காட்டி அதே நீளத்தில் வாங்கி வந்தார். "ஒரு நூல் கூடுனா என்ன மதினி ஆயிரப் போவுது?" என்றார். நாங்களும் சரியென்று கோர்த்துவிட்டோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் டியூப் வெடித்து, பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். கழற்றிப் பார்த்தால் புது ரிம் பழையதைவிடக் கனம். கம்பி நுனி நிப்பிளைத் தாண்டி வந்து டியூபைக் குத்தியிருக்கிறது. நூல் என்பது 3 மி.மீ. அதுவே போதும், டியூப் போக.

நீளம் குறைந்தாலும் வம்புதான். நிப்பிளுக்குள் நாலு மரை மட்டும் பிடித்தால் பாரம் ஏறும்போது பிய்த்துக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் கீழே நின்று பாரத்தைத் தாங்குகிறது. சைக்கிள் கம்பி மெல்லியது, அப்படி நிற்காது. அதனால் எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டி வைக்கிறோம். அந்த இழுவைக்குத்தான் சரியான நீளம் வேண்டும்.

முன்சக்கரம், 32 கம்பி, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே வெட்டும் பின்னல் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ரிம். பழைய கம்பி இரண்டின் கொண்டையை வெட்டி, ஒவ்வொன்றும் சரியாக 250 மி.மீ. இருக்கச் செய்யுங்கள். எதிரெதிர்த் துளைகளில் நிப்பிளோடு போட்டு, கம்பி நுனி நிப்பிளின் தலையில் உள்ள வெட்டுக்கு வரும்வரை திருகுங்கள். நடுவில் உள்ள இடைவெளி 120 மி.மீ. என்றால் மொத்தம் 620, பாதி 310. ரிம் நெளிந்திருக்கலாம், அதனால் இரண்டு மூன்று இடத்தில் அளக்கணும்.

அடுத்து ஹப். ஒரு பக்கத் தட்டில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 38 என்றால் பாதி 19. இரண்டு தட்டுகளுக்கும் இடையே 64 என்றால் பாதி 32.

இனி கணக்குக்குப் பயப்பட வேண்டாம், காகிதம் போதும். சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வெட்டி, பாதி பாதியாக நாலு தடவை மடித்துப் பிரியுங்கள். 16 மடிப்புக் கோடு வரும். ஹப்பின் ஒரு பக்கம் 16 துளைதானே. வட்டத்தைத் தரையில் ஒட்டி, நடுப்புள்ளியிலிருந்து ஒரு மடிப்பின் வழியே 310 மி.மீ. கோடு இழுங்கள். அதன் முனைதான் நிப்பிள். அந்த மடிப்பிலிருந்து மூன்றாவது மடிப்பை எண்ணி, அதில் நடுவிலிருந்து 19 மி.மீ.யில் புள்ளி வையுங்கள். புள்ளிக்கும் நிப்பிளுக்கும் நேராக அளந்தால் 303 வரும்.

ஹப் தட்டு சக்கரத்தின் நடுவிலிருந்து 32 மி.மீ. தள்ளி இருப்பதால் இன்னொரு கோடும் வேண்டும். 303 நீளத்துக்குக் கோடு போட்டு, அதன் முனையில் செங்குத்தாக 32 மேலே ஏற்றி, இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அளந்தால் ஏறக்குறைய 305. ஹப் துளையில் பாதி, ஒரு மி.மீ.க்குச் சற்று கூட, கழியுங்கள். ஆக, 303-லிருந்து 304-க்குள் நிற்கும். கடையில் அந்த அளவு இல்லையென்றால் ஒரு மி.மீ. குறைந்ததை வாங்கலாம், கூடினது வேண்டாம். நீளத்தை வளைவின் உட்புறத்திலிருந்து மரை முனை வரை அளக்கணும், கொண்டை சேராது.

பின்சக்கரம் கொஞ்சம் வேறு. நம்மூர்ப் பெரிய சைக்கிளில் 40 கம்பி, பக்கத்துக்கு 20. மடிப்புச் சரிப்படாது, பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானி எடுத்து 18 பாகைக்கு ஒரு கோடு போடுங்கள். ஃப்ரீவீல் இடத்தை அடைத்துக்கொள்வதால் செயின் பக்கத் தட்டு நடுவுக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கக் கம்பி சற்றுக் குறையும். அதனால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே அளக்கணும். நாங்கள் முதலில் இதில்தான் தப்பினோம்.

1991-லிருந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பின்னர் அரசு இலவச சைக்கிளும் வந்தது. ஆனால் கோட்டம் எடுக்க மட்டும் இன்னும் ஆம்பிளையைத் தேடுகிறோமே!

கோர்த்த சக்கரத்தை ஃபோர்க்கில் மாட்டிச் சுற்றுங்கள். ஃபோர்க்கின் காலில் சாக்பீஸை ரிம்மை ஒட்டிப் பிடித்தால், ரிம் விலகி வரும் இடத்தில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளை அரைத்திருகு இறுக்கிப் பாருங்கள். ஸ்போக் சாவி ஒன்று குழுவுக்கு வாங்கி வைத்தால் எல்லா வீட்டுக்கும் ஆகும். கடைசியில் ரிம்மின் உட்புறத்தை விரலால் தடவி, நுனி எதுவும் தட்டவில்லை என்று உறுதி செய்தபிறகே டியூபை ஏற்றுங்கள்.