பழைய காரின் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தகர டப்பி எதற்கு?

ஒயர் கற்றைக்குள் கைவிட்டால் ஓர் உருண்டை டப்பி தட்டுப்படுகிறதா? எழுத்தெல்லாம் அழிந்திருக்கும். உடனே பிய்த்துவிடாதீர்கள்.

இண்டிகேட்டரைப் போட்டு டப்பியின் மேல் விரலை வையுங்கள். ‘டிக்... டிக்’ என்று துடித்தால் அதுதான் இண்டிகேட்டர் விளக்கை மினுக்கவைக்கும் ஃபிளாஷர்.

ஏன் துடிக்கிறது? பழைய வகைகள் பலவற்றில், உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய தகடு ஒன்று உண்டு. மின்சாரம் ஓடினால் சூடேறும். ஓர் உலோகம் மட்டும் அதிகம் நீளும். நுகத்தில் ஒரு மாடு முந்தினால் வண்டி திரும்புமே, அப்படித் தகடு வளையும். இணைப்பு விட்டுப்போகும், விளக்கு அணையும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி தொடும். (உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கும் இதே வித்தைதான்!)

ஒரு பல்பு போனால் மின்சாரம் குறையும், சூடு போதாது. மிச்ச பல்பு மினுக்காமல் எரிந்துகொண்டே நிற்கும். டப்பியை மாற்றுமுன் பல்பைப் பாருங்கள்.