எசமானன் இல்லாத இசைஞன்

சங்கீதம் கற்ற பிள்ளை சங்கீதத்தைக் கொண்டே சீவிக்க இயலுமா என்னும் வினா பெற்றோர் பலருடைய மனத்தில் எழுவதொன்று. பாடசாலை மேடையில் மகன் பரிசு பெறும்போது மகிழ்கின்ற தந்தை, "இதனையே தொழிலாகக் கொள்வேன்" என்று அவன் சொன்னவுடன் கலங்குகின்றார். அக்கலக்கம் காரணமற்றதன்று. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத ஒரு தொழிலிலே பணம் எவ்வழியால் வருகின்றது, எக்காலத்தில் வருகின்றது, எப்போது வராதொழிகின்றது என்பவற்றை அறிந்தாலன்றி அதற்கு விடை கூறுதல் அரிது. இவற்றை ஒருவருடைய வாழ்க்கையிலே தெளிவாகக் காணலாம். அவர் தம் இருபத்தைந்தாம் வயதில் நிலையான உத்தியோகத்தை உதறிவிட்டு, வியன்னா நகரிலே தனித்து நின்று தொழில் செய்த வொல்ஃப்காங் மொசாற்.

மொசாற் 1756ஆம் ஆண்டு சனவரி 27ஆந் திகதி சால்ஸ்பேக் நகரிற் பிறந்தவர். தந்தையாராகிய லெயோபோல்ட் அந்நகர அரசவையில் வயலின் வாசித்தவர். அக்கருவியைக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு நூலும் இயற்றியவர். மகனை ஆறு வயது முதலே ஊர் ஊராக அழைத்துச்சென்று மன்னர் முன்னிலையில் வாசிக்கச் செய்தார். பாரிசும் இலண்டனும் வியந்த அக்குழந்தை, வளர்ந்தபின் சால்ஸ்பேக்கை ஆண்ட அதிமேற்றிராணியாரிடம் ஆண்டுக்கு 450 குல்டன் சம்பளம் பெறும் இசைப் பணியாளராக அமர்ந்தார்.

அக்காலத்தில் அரண்மனை இசைஞன் என்பவன் ஊழியர் வரிசையிற் சேர்ந்தவன். 1781ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே அதிமேற்றிராணியார் வியன்னாவிற் தங்கியபோது மொசாற்றையும் அங்கு வருவித்தார். உணவு மேசையில் தமக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி மொசாற் தந்தைக்கு எழுதினார்: பிரபுவின் அந்தரங்கப் பணியாட்கள் மேசையின் தலைப்பில் இருந்தனர், சமையற்காரருக்கு மேலே தமக்கு இடம் அளிக்கப்பட்டது. இவ்வவமதிப்பைக் காட்டிலும் பொருள் இழப்பு அவரைப் பெரிதும் வருத்தியது. ஒரு மாலை, பிரபு குடும்பம் ஒன்றின் இல்லத்திலே சக்கரவர்த்தி முன்னிலையிற் கச்சேரி நடந்தது. அங்குச் சென்று வாசிக்க மொசாற்றால் இயலவில்லை. எசமானருக்காக வேறிடத்தில் வாசிக்கவேண்டியிருந்தது. சென்ற இசைஞர் ஒவ்வொருவரும் ஐம்பது டூக்கட் பொன் பெற்றனர். அது சால்ஸ்பேக்கில் அவர் பெற்ற அரையாண்டுச் சம்பளத்திற்கு ஈடான தொகை. பூசல் முற்றியது, அதே ஆண்டு ஆனி மாதத்திலே பிரபுவின் அதிகாரி ஒருவர் அவரைக் காலால் உதைத்து வாயிலுக்கு வெளியே தள்ளினார். உத்தியோகம் அத்துடன் முடிந்தது.

இனி, சம்பளம் இல்லாதவர் என்ன செய்தார்? முதலாவது வழி கற்பித்தல். பிரபு குலத்துப் பெண்கள் சிலருக்குப் பியானோ கற்பித்தார். தொடக்கத்தில் பன்னிரண்டு பாடத்திற்கு ஆறு டூக்கட் என்பது விலை. மாணவியர் கிழமைக்கணக்காகப் பாடத்தை நிறுத்திவிட, ஆசிரியர் வருவாயின்றி இருக்க நேர்ந்தது. ஆகவே அவர் முறையை மாற்றினார்: பாடம் நடந்தாலும் நடவாவிடினும் மாதத்திற்கு ஆறு டூக்கட். மூன்று மாணவியரால் மாதம் பதினெட்டு டூக்கட் வருமென்று 1782ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதுகின்றார். ஆயினும் கோடையிலே பிரபுக்கள் நகரை விட்டுத் தம் கிராம மாளிகைகளுக்குச் சென்றுவிடுவர். அக்காலத்தில் இவ்வூற்றும் வற்றிவிடும்.

அவருடைய ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதைத் தமக்கையாருக்கு எழுதிய கடிதம் ஒன்று காட்டுகின்றது. காலை ஆறு மணிக்குள் முடியலங்காரம் முடிந்திருக்கும். ஏழு முதல் ஒன்பது வரை இசை எழுதுதல். ஒன்பது முதல் ஒரு மணி வரை பாடம் சொல்லுதல். உணவின்பின் மாலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு முன் வேலை செய்ய இயலாது. பல நாள்களிற் கச்சேரியால் அதுவும் தடைப்படும். இரவு வீடு திரும்பிய பின்னர் ஒரு மணி வரை எழுதுவார். மறுபடி ஆறு மணிக்கு எழுவார். ஆக, நாளின் நடுப்பகுதி முழுதும் பிறருக்கு உரியதாயிற்று. படைப்புக்கு எஞ்சியவை நாளின் இரு ஓரங்களே.

இரண்டாவது வழி கச்சேரி. கத்தோலிக்க நகராகிய வியன்னாவில் தவக்காலத்திலே நாடகங்கள் நிறுத்தப்படும். ஆகவே அது இசைஞர்க்கு அறுவடைக் காலம். 1784ஆம் ஆண்டு மாசி 26ஆந் திகதி முதல் சித்திரை 3ஆந் திகதி வரையுள்ள நாள்களிலே தாம் வாசிக்கவேண்டிய இருபத்திரண்டு நிகழ்ச்சிகளை அவர் பட்டியலிட்டுத் தந்தைக்கு அனுப்பினார். இவற்றுள் மூன்று புதன்கிழமைக் கச்சேரிகள் அவரே பொறுப்பேற்று நடத்தியவை. சந்தா ஆறு குல்டன். சேர்ந்தோர் 174 பேர். கணக்கிட்டால் 1,044 குல்டன். சால்ஸ்பேக்கின் இரண்டாண்டுச் சம்பளத்தினும் மேலானது. மண்டபச் செலவும் வாத்தியகாரர் கூலியும் இதிலிருந்தே செல்லவேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

சந்தா கொடுத்தோர் பழைய உருப்படியைக் கேட்க வருவதில்லை. புதியதை எதிர்பார்த்தே வருவர். அதனால் அந்த மாசி, பங்குனி, சித்திரை மாதங்களிலே நான்கு பியானோக் கொன்சேற்றோக்களும், பியானோவும் நான்கு ஊதுகருவிகளும் சேர்ந்த ஓர் உருப்படியும் எழுதி முடித்தார். அவற்றுள் இரண்டு கொன்சேற்றோக்களுக்கு இடையே ஒரு கிழமையே கழிந்தது. அந்த மாசியிலேதான் தம் ஆக்கங்களைத் திகதியிட்டுப் பதியும் ஏடொன்றையும் தொடங்கினார். அடுத்த ஆண்டு வியன்னாவுக்கு வந்த தந்தையார் மகனின் பரபரப்பை நேரிற் கண்டார். கச்சேரிக்குச் சென்றபோது பிரதி எடுப்போன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். அதனை மேற்பார்த்தமையால் இறுதிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் மகனுக்கு நேரமில்லை. தாம் வந்தபின் மகனுடைய பியானோ பன்னிரண்டு தடவையேனும் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டதென்றும் அவர் எழுதியுள்ளார்.

மூன்றாவது வழி இசைநாடகம். "செராலியோவிலிருந்து கடத்தல்" என்னும் நாடகம் 1782ஆம் ஆண்டு ஆடி 16ஆந் திகதி அரங்கேறியது. அதற்கு அவர் பெற்றது நூறு டூக்கட். பெருந்தொகைதான், ஆனால் ஒருமுறையே பெறும் தொகை. அதன்பின் அந்நாடகம் எத்தனை இரவுகள் நடிக்கப்பட்டாலும், எத்தனை நகரங்களிற் பரவினாலும், ஆக்கியோனுக்கு ஒரு காசும் உரித்தன்று. அதன் பாடல்களை ஊதுகருவிகளுக்கென மாற்றி விற்பதும் எவர்க்கும் இயலும். ஆகவே வேறொருவர் முந்திக்கொண்டு ஆதாயத்தை எடுத்துச் செல்லாவண்ணம், அரங்கேற்றம் நிகழ்ந்த அதே கிழமையிலே அம்மாற்றத்தைத் தாமே செய்ய இருந்தார். அதே வேளையில் தந்தையார் ஒரு சிம்பனியும் கேட்டனுப்பினார். துண்டு துண்டாக எழுதியெழுதி அஞ்சலில் அனுப்பினார். ஆவணி 4ஆந் திகதி திருமணமும் நடந்தது. சில மாதங்களின்பின் அந்தச் சிம்பனி தம்மிடம் திரும்பி வந்தபோது அதில் ஒரு சுரமும் நினைவில் இல்லை என்று வியந்தார். இன்று உலகெங்கும் "ஹஃப்னர் சிம்பனி" என வாசிக்கப்படுவது அதுவே.

நான்காவது வழி அச்சுப் பிரதி. ஹைடன் என்னும் மூத்த இசைமேதைக்குக் காணிக்கையாக்கிய ஆறு நால்வர்-இசைகளை 1785ஆம் ஆண்டு ஆர்த்தாரியா பதிப்பகத்தாருக்கு நூறு டூக்கட்டுக்கு விற்றார். பதிப்புரிமையைக் காக்கும் சட்டம் அங்கு அக்காலத்தில் இல்லை. பிரதி எடுப்போர் களவாக ஒரு படி எடுத்து விற்றுவிடுவர் என்னும் அச்சத்தால், தம் அறையிலே தம் கண்முன்னேயே பிரதி எடுக்கச் செய்தார்.

இவற்றுக்கு அப்பாற் சில்லறை வேலைகளும் இருந்தன. குறித்த பாடகருடைய குரலுக்கு ஏற்பப் பிறருடைய நாடகத்திற் செருகுவதற்குப் பாடல் எழுதினார். நண்பருடைய கொம்புக் கருவிக்கும் கிளாரினெற்றுக்கும் உருப்படிகள் அமைத்தார். ஹாண்டலின் "மெசாயா"வை அக்கால வாத்தியங்களுக்கு ஏற்ப 1789இற் திருத்தி அமைத்தார். கடிகாரப் பொறியால் இயங்கும் ஓர்கனுக்கும் இசை எழுதினார். எந்த வேலையையும் அற்பமென்று தள்ளினாரல்லர். கேட்போரைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்திருந்தது: வல்லுநர் நுட்பத்தைக் கண்டு மகிழவேண்டும், மற்றையோர் காரணம் அறியாமலே மகிழவேண்டும்.

வருவாய் பெருகியபோது செலவும் பெருகியது. 1784இல் அவர் குடிபுகுந்த வீட்டின் ஆண்டு வாடகை 460 குல்டன். முன்னாளில் அவர் பெற்ற சம்பளம் முழுவதினும் அதிகம். நல்ல ஆடையும் சிறந்த பியானோவும் இன்றிப் பிரபுக்களின் வாயிலை அணுக இயலாது என்பது உண்மையே; ஆனால் அறுவடைக் காலத்து விளைவைக் கோடைக்குச் சேமிக்கும் வழக்கம் அவரிடம் அமையவில்லை. 1787ஆம் ஆண்டின் இறுதியிலே சக்கரவர்த்தி அவருக்கு ஆண்டுக்கு 800 குல்டன் கொண்ட பதவியொன்றை அளித்தார்; அரண்மனை நடன விழாக்களுக்கு இசை எழுதுவதே அதன் முதன்மையான கடமை. 1788இல் துருக்கியருடன் போர் மூண்டது. பிரபுக்கள் பலர் நகரை நீங்கினர்; கச்சேரிகள் குறைந்தன; சந்தாவும் சேரவில்லை. துணி வணிகராகிய புக்பெர்க் என்னும் நண்பருக்குக் கடன் வேண்டி அவர் எழுதிய கடிதங்கள் பல இன்றும் உள்ளன.

நேயர்களே, மொசாற் வறியவராக, எவரும் அறியாதவராக மாண்டார் என்று பலர் கூறுவர். அது முற்றும் பொருந்தாது. 1791இல் அவருடைய நிலை மீண்டும் சீர்ப்பட்டு வந்தது. அவ்வாண்டிலே இரண்டு இசைநாடகங்கள் அரங்கேறின. "மாயப் புல்லாங்குழல்" மக்கள் திரளை ஈர்த்தது. கடன் தீருமுன், மார்கழி 5ஆந் திகதி, முப்பத்தைந்து வயதில் நோய் அவரைக் கொண்டுசென்றது. எளிய முறையில் அடக்கம் செய்தமையும் அக்காலத்து நடுத்தரக் குடிகளுக்குரிய வழக்கமே.

அவரை நலிவித்தது எசமானன் இல்லாமை என்று கொள்ளுதல் தவறாகும். பல ஊற்றுகளைக் கொண்டு அவர் தொழிலை நடத்தினார். ஓர் ஊற்று வற்றியபோது மற்றொன்று தாங்கியது. ஆனால் பாடமும் கச்சேரியும் சந்தாவும் அதே சில நூறு குடும்பங்களின் கையிலே தங்கியிருந்தன. அக்குடும்பங்கள் நகரை நீங்கியதும் யாவும் ஒருங்கே தளர்ந்தன. அவர் எழுதியவை அவர் உறங்கும்போதும் எங்கோ ஒலித்தன. அவ்வொலிக்கு உரிய பங்கு அவர் வீட்டை அடைய வழி இருக்கவில்லை. இசை பொதுவிடத்தில் ஒலிக்குந்தோறும் ஆக்கியோனுக்குரிய கட்டணத்தைத் திரட்டும் சங்கம் பாரிசிலே 1851இற் தோன்றியது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசை ஆக்கியோனின் உரிமையை ஏற்கின்றது.

ஆதலின், இசையையே தொழிலாகக் கொள்ள விரும்பும் மகனையோ மகளையோ தடுக்க முற்படும் பெற்றோர், முதலில் அப்பிள்ளையிடம் சில வினாக்களைக் கேட்டல் நன்று. எத்தனை வழிகளால் உழைக்கப் போகின்றாய்? அவையெல்லாம் ஒரே கூட்டத்தாரை நம்பியனவா? வருவாயற்ற மாதங்களுக்கு என்ன ஒதுக்குவாய்? எழுதியதன் உரிமையை எவ்வாறு காப்பாய்? இவற்றுக்கு விடை சொல்லத்தக்க பிள்ளைக்குத் தடை வேண்டுவதில்லை. விடை சொல்ல அறியாத பிள்ளைக்கு அவற்றைக் கற்பித்தல், சுரம் கற்பித்தலைப் போன்றே நம் கடமையாகும்.